கல்லறைகளில் நிற்கும் தேவதூதர் சிலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கல்லறைகளின் எழுத்துகளைப் படியெடுப்பதிலும் அங்குள்ள சிலைகளைத் துடைத்துப் பராமரிப்பதிலும் சில ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். உடன் வரும் நண்பர்களும், தங்கள் குடும்பக் கல்லறையைத் தேடி வருபவர்களும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் மாறி மாறிக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே அக்கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன.

கல்லறையின் மேல் தேவதூதர் சிலையை எதற்காக வைக்கிறார்கள்? காவலுக்கா?

காவலும் ஒரு காரணம். ஆனால் அது முதன்மையான காரணம் என்று சொல்ல முடியாது. கிறிஸ்தவ மறைநூலில் இறப்போடு தொடர்புடைய இடங்களில் தேவதூதர்கள் வேறு சில வேலைகளையும் செய்கிறார்கள். லூக்கா நற்செய்தியில் ஏழை லாசரு இறந்ததும் தூதர்கள் அவனை ஆபிரகாமின் மடிக்குக் கொண்டுபோகிறார்கள். மத்தேயு நற்செய்தியில் ஒரு தூதர் கல்லறை வாசலை அடைத்திருந்த கல்லைப் புரட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து, இயேசு அங்கே இல்லை என்று பெண்களிடம் சொல்கிறார். இறுதி நாளில் எக்காளம் ஊதப்படும்போது இறந்தோர் எழுவார்கள் என்ற நம்பிக்கையும் தூதர்களோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. ஆகவே, எடுத்துச் செல்பவர், செய்தி சொல்பவர், எழுப்புபவர், காப்பவர் என நான்கு வேலைகள் இருக்கின்றன.

ஐந்தாவதாக ஒன்று உண்டு: அழுவது. இறந்த ஒருவருடைய கல்லறையின் மேல் விழுந்து ஒரு தூதர் அழுததாக மறைநூலில் எங்கும் இல்லை. ஆயினும் 19 ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளில் மிகுதியாகக் காணப்படுவது அழும் தூதர்தான். அடக்கத்துக்கு வந்தவர்கள் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். அவர்கள் திரும்பிய பிறகும் அவர்கள் சார்பில் அங்கேயே ஒருவர் இருக்க வேண்டும் என்ற ஏக்கமே அந்தச் சிலையாக நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பின்வரும் விடைகள் பலவற்றையும் இந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

தேவதூதர், வானதூதர், சம்மனசு என்று மூன்று பெயர்கள் சொல்கிறார்களே, மூன்றும் வேறா?

மூன்றும் ஒன்றே. சீர்திருத்தத் திருச்சபையினர் தேவதூதர் என்றும், கத்தோலிக்கர் இன்று வானதூதர் என்றும் எழுதுகிறார்கள். சம்மனசு என்பது கத்தோலிக்கரிடையே வழங்கிய பழைய சொல். முதியவர்கள் ஜெபிக்கும்போது இப்போதும் காவல் சம்மனசு என்று சொல்வதைக் கேட்கலாம். கல்வெட்டைப் படியெடுக்கும்போது இருக்கும் சொல்லை இருக்கிறபடியே எழுதுங்கள். புதிய சொல்லாக மாற்றாதீர்கள்.

அந்தச் சிலை இறந்தவருடைய உருவமா? இறந்தவர் தேவதூதராகிவிட்டார் என்று அதற்குப் பொருளா?

பெரும்பாலும் இல்லை. திருச்சபைகளின் போதனைப்படி மனிதர் வேறு, தேவதூதர் வேறு. இறந்த மனிதர் தூதராக மாறுவதில்லை. உயிர்த்தெழுகிறவர்கள் தேவதூதருக்கு ஒப்பானவர்களாக இருப்பார்கள் என்று லூக்கா நற்செய்தியில் ஒரு வரி உண்டு. ஒப்பாக இருப்பதும் அதுவாகவே ஆவதும் ஒன்றல்ல. இருந்தாலும் பிள்ளையை இழந்த பெற்றோர் ‘எங்கள் பிள்ளை சம்மனசாகிவிட்டது’ என்று சொல்லும்போது அங்கே நின்று இந்த வேறுபாட்டை விளக்குவது எவருக்கும் உதவாது. கல்லில் அந்தப் பொருளில் எழுதியிருந்தால், அது எழுதியவர்களின் மனநிலையைக் காட்டும் சான்று என்று கொள்ள வேண்டும்.

இறந்தவரின் உருவத்தையே வைக்க விரும்பியவர்கள் அதை வெளிப்படையாகவே செய்தார்கள். இத்தாலியின் ஜெனோவா நகரில் 1851 இல் திறக்கப்பட்ட ஸ்டாலியேனோ கல்லறைத் தோட்டத்தில், தெருவில் கொட்டைப் பருப்பு விற்று வாழ்ந்த கத்தரீனா கம்போதோனிக்கோ என்ற பெண், தம் சேமிப்பைக் கொடுத்துத் தம் சிலையைத் தாம் உயிரோடிருந்தபோதே, 1881 இல், லொரென்ஸோ ஓரெங்கோ என்ற சிற்பியைக் கொண்டு செய்துவைத்தார். சுருக்கம் விழுந்த முகம், சரிகை வைத்த உடை, கையில் கோத்த பருப்பு மாலை என்று அனைத்தும் அதில் உண்டு. அது ஓர் ஆள். அதே தோட்டத்தில் நிற்கும் தூதர்களின் முகங்களிலோ வயதும் இல்லை, சுருக்கமும் இல்லை. பார்க்கிறவர் தமக்கு வேண்டிய முகத்தை அதில் வைத்துக்கொள்ள இடம் விட்டே அவை செதுக்கப்பட்டிருக்கின்றன.

மறைநூலில் தேவதூதர்களுக்கு இறக்கையே இல்லை என்கிறார்கள். பிறகு இறக்கை எங்கிருந்து வந்தது?

முற்றிலும் இல்லை என்பது சரியல்ல. ஏசாயா தீர்க்கதரிசி கண்ட சேராபீன்கள் என்னும் தூதர்களுக்கு ஆறு இறக்கைகள். எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட கேருபீன்கள் என்னும் தூதர்களுக்கு நான்கு. ஆனால் மனிதரிடம் செய்தி கொண்டுவரும் தூதர்கள் பெரும்பாலும் சாதாரண மனிதத் தோற்றத்திலேயே வருகிறார்கள். ஆபிரகாம் அவர்களை வழிப்போக்கர் என்று எண்ணி விருந்து வைக்கிறார். யாக்கோபின் கனவில் தூதர்கள் ஏணியில் ஏறி இறங்குகிறார்கள். இறக்கை இருப்பவர்களுக்கு ஏணி எதற்கு என்று ஒரு சிறுவன் என்னிடம் கேட்டான், நல்ல கேள்வி.

ரோம் நகர நிலவறைக் கல்லறைகளில் உள்ள தொடக்ககால ஓவியங்களில் தூதர்கள் இறக்கையற்ற இளைஞர்களாகவே காணப்படுகிறார்கள். 4 ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில்தான் இறக்கை வருகிறது. இன்றைய இஸ்தான்புல் அருகே கிடைத்த, அரச குடும்பத்துப் பிள்ளைக்குரியது என்று கருதப்படும் கல் சவப்பெட்டியில் இறக்கை விரித்த இரு தூதர்கள் வட்ட மாலையொன்றைத் தாங்குகிறார்கள். அந்த அமைப்பு, வெற்றித் தெய்வங்களை இறக்கையோடு செதுக்கிய கிரேக்க, ரோமானியச் சிற்பிகளிடமிருந்து வந்தது. தெய்வத்தின் பெயர் மாறியது. உளிக்குப் பழகிய வடிவம் மாறவில்லை.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது? எல்லாப் பழைய கல்லறைகளிலும் தூதர் சிலை இருக்குமா?

இராது. கொல்கத்தாவின் சவுத் பார்க் தெருக் கல்லறைத் தோட்டம் 1767 இல் திறக்கப்பட்டது; அங்கே கண்ணில் படுவன பிரமிடுகளும், கூர்நுனித் தூண்களும், குவிமாட மண்டபங்களுமே. தேவாலயத்துக்குள் பெரும் செல்வந்தருக்கும் ஆயர்களுக்கும் தூதர் உருவங்கள் நெடுங்காலமாகவே இருந்தன. வெளியே, திறந்த வெளியில், நடுத்தரக் குடும்பத்தினரும் முழு உருவச் சிலை வைக்கத் தொடங்கியது 19 ஆம் நூற்றாண்டில்தான். பாரிஸின் பேர் லஷேஸ் (1804), பாஸ்டன் அருகே மவுண்ட் ஆபர்ன் (1831), லண்டனின் ஹைகேட் (1839) போன்ற தோட்டக் கல்லறைகள் வந்த பிறகு, மரங்களுக்கும் நடைபாதைகளுக்கும் நடுவே சிலை வைக்க இடமும், அதைப் பார்க்க உலாவ வருகிற கூட்டமும் கிடைத்தன.

அதற்கு முன்னே கல்லில் கீறிய தூதர் முகங்கள் உண்டு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதிக் கல்லறைக் கற்களை 1960களில் ஆராய்ந்த ஜேம்ஸ் டீட்ஸும் எட்வின் டெத்லெஃப்சனும் ஒரு வரிசையைக் காட்டினார்கள். முதலில் இறக்கை முளைத்த மண்டையோடு. 18 ஆம் நூற்றாண்டில் அந்த மண்டையோட்டின் இடத்தில் சதைப்பற்றுள்ள, இறக்கை வைத்த சிறு முகம். 19 ஆம் நூற்றாண்டு பிறந்ததும் கலசமும் அழும் வில்லோ மரமும். இறக்கை அங்கேயே இருக்க, நடுவிலுள்ள எலும்பு மட்டும் மெல்ல மெல்ல முகமாக மாறியதை அடுத்தடுத்த கற்களில் பார்க்கும்போது, மரணத்தைப் பற்றிய அச்சம் எப்படி நம்பிக்கையாக இளகியது என்பதை வேறு விளக்கமின்றியே புரிந்துகொள்ளலாம்.

சிலையின் கையில் இருக்கும் பொருள்களுக்குப் பொருள் உண்டா?

உண்டு. தூதர் சிலையைப் படிக்க விரும்புகிறவர்கள் இறக்கையை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். இறக்கை எல்லாருக்கும் பொது; கைதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எக்காளம் இருந்தால் உயிர்த்தெழுதல். குருத்தோலை இருந்தால் வெற்றி; பழைய சிற்பங்களில் அது இரத்தசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின், அடையாளம். மலர்வளையம் முடிசூட்டுதலைக் குறிக்கும். நங்கூரம் நம்பிக்கை; எபிரெயர் நிருபத்தில் நம்பிக்கை ஆன்மாவின் நங்கூரம் என்று சொல்லப்பட்டிருப்பதே அதற்கு வேர். இறந்தவர் கப்பலோட்டியாக இருந்தாலும் நங்கூரம் வரும் என்பதால் கல்வெட்டையும் சேர்த்துப் படித்தே முடிவுசெய்ய வேண்டும். விரித்த ஏடு வாழ்க்கைக் கணக்கு. வாளும் தராசும் இருந்தால் அவர் மிக்கேல். லீலி மலர் இருந்தால் கபிரியேல்.

தலைகீழாகப் பிடித்த தீப்பந்தம் பலரைக் குழப்புகிறது. அது கிறிஸ்தவத்துக்கு முந்தையது. கிரேக்க, ரோமானியர்கள் மரணத்தை எலும்புக்கூடாகக் காட்டவில்லை, உறக்கத்தின் உடன்பிறந்தவனாக, பந்தத்தைக் கவிழ்த்துப் பிடித்த இளைஞனாகவே காட்டினார்கள் என்று ஜெர்மானிய எழுத்தாளர் லெஸ்ஸிங் 1769 இல் எடுத்துச் சொன்னார். அதன் பிறகு அந்த இளைஞன் ஐரோப்பியக் கல்லறைகளுக்கு மீண்டும் வந்தான். காலப்போக்கில் அவனுக்கும் தேவதூதருக்கும் இடையிலான கோடு அழிந்தது. எனவே கவிழ்ந்த பந்தத்தோடு நிற்கும் இறக்கை உருவத்தை நேரடியாகத் தேவதூதர் என்று எழுதுவதற்கு முன் சிறிது தயங்குவது நல்லது.

கையில் ஒன்றுமே இல்லை, உடல் மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது என்றால்?

அப்போது உடலே செய்தி. மேலே சுட்டும் விரல் ஆன்மா சென்ற இடத்தைக் காட்டுகிறது. மலரைத் தூவுவதுபோல் நீட்டிய கை நினைவு குன்றாமையைக் குறிக்கிறது. மடித்த இறக்கையும் குனிந்த தலையும் துக்கம். விரித்த இறக்கையும் நிமிர்ந்த முகமும் புறப்பாடு.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ரோம் நகரின் புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சிற்பி வில்லியம் வெட்மோர் ஸ்டோரி, 1894 இல் மறைந்த தம் மனைவி எமிலினுக்காகச் செதுக்கிய தூதர் அது. பலிபீடம் போன்ற ஒரு கல்லின் பின்னால் தூதர் மண்டியிட்டு அதன் மேல் கவிழ்ந்திருக்கிறார். முகம் ஒரு கையின் மடிப்பில் புதைந்திருக்கிறது. மற்றொரு கை கல்லின் முன்பக்கமாகச் செயலற்றுத் தொங்குகிறது. அந்தக் கைக்குக் கீழே மலர்கள் உதிர்ந்து கிடக்கின்றன. இறக்கைகளும் மேலெழும் வலிமை இல்லாமல் இருபுறமும் சரிந்திருக்கின்றன. எதையும் தூக்கிச் செல்லவோ அறிவிக்கவோ வராத தூதர் அவர். முதல் விடையில் ஐந்தாவதாகச் சொன்ன வேலையை மட்டும் செய்கிறார். ஸ்டோரி அடுத்த ஆண்டே, 1895 இல், இறந்து அதே கல்லின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார். முகத்தைக் காட்டாமல் துக்கத்தைக் காட்ட முடியும் என்று நிறுவிய அந்தத் தொங்கும் கையை, எத்தனையோ புகைப்படங்களில் பார்த்த பிறகும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை.

மறைநூலில் தூதர்கள் ஆண்பாலில் பேசப்படுகிறார்கள். கல்லறையில் மட்டும் ஏன் எல்லாரும் பெண்கள்?

மிக்கேலும் கபிரியேலும் ஆண் பெயர்கள்தான். இடைக்கால ஓவியங்களில் தூதர்கள் ஆணாகவோ, ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்தறிய முடியாதவர்களாகவோ இருந்தார்கள். 19 ஆம் நூற்றாண்டில் துக்கம் அனுசரிப்பது பெண்களின் கடமையாகக் கருதப்பட்டது. நீண்ட காலம் கறுப்பு உடுத்தியிருக்க வேண்டியவர்களும் அவர்களே. அவர்கள் இடத்தில் நிற்கச் செய்த சிலையும் பெண்ணாகியது. வெற்றித் தெய்வம் கிரேக்கத்திலேயே பெண்ணுருவம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூலியோ மொந்தேவெர்தே 1882 இல் ஸ்டாலியேனோவில் ஓனெத்தோ குடும்பத்துக்குச் செதுக்கிய தூதர் இந்த மாற்றத்தின் உச்சம். கைகள் மார்பின் குறுக்கே. ஒரு கையில் எக்காளம் இருக்கிறது, ஆனால் ஊதும் நோக்கமே இல்லாததுபோல் அது கீழ்நோக்கித் தொங்குகிறது. கண்கள் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. உயிர்த்தெழுதலை அறிவிக்க வந்தவருக்கே அதில் ஐயம் வந்துவிட்டதோ என்று கேட்கத் தோன்றும். அச்சிலையின் அழகில் கல்லறைக்குப் பொருந்தாத கவர்ச்சி இருக்கிறது என்று குறைசொல்பவர்கள் உண்டு. குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நம்பிக்கையும் சந்தேகமும் ஒரே முகத்தில் இருப்பதை அவ்வளவு நேர்மையாகக் காட்டிய வேறு கல்லறைச் சிலை எனக்குத் தெரியாது.

குழந்தைகளின் கல்லறையில் குண்டுக் கன்னத்தோடு இருப்பவை கேருபீன்கள்தானே?

பெயர் அப்படி வழங்குகிறது. உண்மையில் எசேக்கியேல் கண்ட கேருபீனுக்கு மனிதன், சிங்கம், எருது, கழுகு என நான்கு முகங்கள். அதைச் செதுக்கி வைத்தால் எந்தக் குழந்தையும் அருகில் வராது. நாம் காணும் கொழுகொழுக் குழந்தை உருவம் ரோமானியக் கல் சவப்பெட்டிகளில் மாலை தாங்கிய சிறுவர்களிடமிருந்து, மறுமலர்ச்சிக் கால இத்தாலியச் சிற்பிகள் வழியாக வந்தது. குழந்தைகளின் தூதர்கள் விண்ணகத் தந்தையின் முகத்தை எப்போதும் காண்கிறார்கள் என்ற மத்தேயு நற்செய்தி வரி அதற்குப் பின்னர் பொருத்தமான துணையாக அமைந்தது. இறக்கை இல்லாமல் உறங்கும் குழந்தையோ ஆட்டுக்குட்டியோ இருந்தால் அது வேறு மரபு.

இறக்கை இல்லாத, முக்காடு போட்ட பெண் சிலையும் தேவதூதரா?

இல்லை. இறக்கை இல்லையென்றால் அது துக்கம் காப்பவளாகவோ, விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய நற்பண்புகளில் ஒன்றாகவோ இருக்கும்; சிலுவை, நங்கூரம், குழந்தை ஆகியவற்றைக் கொண்டு எது என்று அறியலாம். முதுகைப் பாருங்கள். தோள்பட்டைக்குக் கீழே இரண்டு சதுரக் குழிகள் இருந்தால், இறக்கைகள் இருந்து உடைந்து போயிருக்கின்றன என்று பொருள்.

ஒரே சிலையை வெவ்வேறு நாடுகளில் பார்த்தேன். யார் யாரைப் பார்த்துச் செய்தது?

பெரும்பாலும் மேலே சொன்ன இருவரையும் பார்த்துத்தான். மொந்தேவெர்தேயின் தூதரும் ஸ்டோரியின் தூதரும் உலகெங்கும் படியெடுக்கப்பட்டவை. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வளாகத்தில் ஸ்டோரி சிலையின் படி ஒன்று 1901 இல் நிறுவப்பட்டு, 1906 நிலநடுக்கத்தில் சேதமடைந்து, 1908 இல் வேறொரு படியால் மாற்றப்பட்டது. அதாவது இன்று அங்கே இருப்பது இரண்டாவது படி.

மூலத்தின் மேற்பரப்பில் பல புள்ளிகளைக் குறித்து, நகரும் ஊசி பொருத்திய சட்டத்தால் ஒவ்வொன்றின் ஆழத்தையும் அளந்து, அதே ஆழத்துக்குப் புதிய கல்லில் துளையிட்டுக் கொண்டே போவது இத்தாலியப் பட்டறைகளின் முறை. அளவு தவறாது, ஆனால் கடைசி ஒரு மில்லிமீட்டரைச் செதுக்குவது கை. படிகளில் முதலில் கெடுவது விரல்நுனியும் இமையும்தான். இவ்விரண்டையும் பார்த்தே படியின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

கறுத்துப்போய்க் கண்ணீர் வடிக்கும் தூதர் சிலைகளில் சாபம் இருக்கிறது என்கிறார்களே?

அமெரிக்காவில் அயோவா நகரின் ஓக்லாந்து கல்லறைத் தோட்டத்தில் மாரியோ கோர்பெல் வார்த்த, சுமார் எட்டரை அடி உயர வெண்கலத் தூதர் கறுத்துப்போனதால், தொட்டவர் இறப்பார் என்பது வரை கதைகள் பிறந்திருக்கின்றன. கிளீவ்லாந்தின் லேக் வியூ கல்லறைத் தோட்டத்தில் ஹெர்மன் மாட்சென் செய்த தூதர், கவிழ்த்த பந்தத்தின் மேல் கைகளை வைத்து அமர்ந்திருக்கிறார். கண்களிலிருந்து கழுத்து வரை கறுத்த தாரை இறங்கியிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. வெண்கலத்திலுள்ள செம்பு காற்றோடும் ஈரத்தோடும் கந்தகச் சேர்மங்களோடும் வினைபுரிந்து முதலில் பழுப்பாகவும் கறுப்பாகவும், பிறகு மழை ஓடும் தடங்களில் பச்சையாகவும் மாறும். கண்குழி தண்ணீரைத் தேக்கி, கன்னத்தின் வழியே ஒழுகவிடும் இடம். எந்த மனித முகத்தைத் திறந்த வெளியில் வார்த்து வைத்தாலும் அது அழத்தான் செய்யும்.

பளிங்கு, கருங்கல், வெண்கலம் இவற்றில் எது நீடிக்கும்?

நீடிப்பது மட்டுமே குறிக்கோள் என்றால் கருங்கல். அதில் மென்மையான முகமும் இறகின் நுண்கோடுகளும் எளிதில் வராது. பளிங்கில் வரும், ஆனால் பளிங்கு கால்சியம் கார்பனேட், அமிலத்தில் கரைவது. புகை மிகுந்த காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடு அதன் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றுகிறது. மழை படும் இடங்களில் ஜிப்சம் கழுவப்பட்டுக் கல் வெளுத்துத் தேய்கிறது; மழை படாத தாடையின் கீழும் இறக்கையின் உட்புறமும் அது கரித்தூளைப் பிடித்துக்கொண்டு கறுப்புப் பொருக்காகிறது. ஒரே முகத்தில் நெற்றி வெள்ளையாகவும் கழுத்து கறுப்பாகவும் இருப்பது இதனால்தான்.

சாம்பல் நீலமாக, எழுத்துகள் நேற்று வெட்டியவைபோல் கூர்மையாக இருக்கும் பழைய அமெரிக்கச் சிலையைப் பார்த்தால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள்; உள்ளே வெற்றொலி கேட்டால் அது துத்தநாகம். 1870களிலிருந்து முதல் உலகப் போர்க் காலம் வரை அதை ‘வெள்ளை வெண்கலம்’ என்று சொல்லி விற்றார்கள். வெண்கலமும் அல்ல, வெள்ளையும் அல்ல; ஆனால் நன்றாகவே நீடித்திருக்கிறது.

சிலையை நாங்களே சுத்தம் செய்யலாமா?

உங்கள் குடும்பத்துக்குரியது என்றால், கல்லறைத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்ற பிறகு செய்யலாம். முதலில் விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சர்க்கரைபோல் பொடி ஒட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்தக் கல்லைத் தண்ணீரால் கழுவுவதும் தவறு. உறுதியாக இருந்தால், நிறையத் தூய நீர் ஊற்றி நனைத்து, மென்மையான நார்த் தூரிகையால் கீழிருந்து மேலாகத் தேய்த்து, தேய்த்த இடத்தை உடனுக்குடன் கழுவிக்கொண்டே வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த கல்லில் இறங்கிக் கோடு விழும். கம்பித் தூரிகை, அமிலம், உயர் அழுத்த நீர்ப்பாய்ச்சி, பிளீச்சிங் பவுடர் எதுவும் கூடாது.

பிளீச்சிங் பவுடரைப் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன். தொடக்க நாள்களில் ஒரு சிறு பளிங்குத் தூதரின் பாசியைப் போக்க அதைக் கரைத்துப் பூசினேன். அன்று மாலை பால்போல் வெளுத்தது, பெருமையாகவும் இருந்தது. அடுத்த ஆண்டு போனபோது இறக்கையின் விளிம்பில் உப்புப் பூத்து, இறகுக் கோடுகள் தொட்டாலே உதிர்ந்தன. கல்லுக்குள் இறங்கிய உப்பு ஈரத்தில் கரைந்து, காய்ந்ததும் படிகமாகி, உள்ளிருந்தே கல்லைத் தள்ளியிருக்கிறது. பாசி இருந்திருந்தால் இறகும் இருந்திருக்கும்.

உடைந்த கையையோ இறக்கையையோ ஒட்டிவிடலாமா?

கடையில் கிடைக்கும் பசையாலும் சிமெண்டாலும் ஒட்டாதீர்கள். உடைவுக்குக் காரணம் பல நேரங்களில் உள்ளேயே இருக்கிறது. இறக்கைகளையும் நீட்டிய கைகளையும் தனியே செதுக்கி இரும்புக் கம்பியால் பொருத்துவது பழைய வழக்கம். இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துக் கல்லைப் பிளக்கும். உடைந்த இடத்தில் செம்பழுப்புக் கறை இருந்தால் அதுவே காரணம். அந்தக் கம்பியை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு பொருத்துவது பயிற்சி பெற்றவரின் வேலை. அதுவரை விழுந்த துண்டுகளைத் துணியில் சுற்றி, எந்தக் கல்லறைக்கு உரியது என்று எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு விரல்நுனி இருந்தால்கூட மற்ற விரல்களை ஊகிக்க முடியும்.

இறந்தவருக்கு மத நம்பிக்கை இல்லை. அவருக்கும் தூதர் சிலை பொருந்துமா?

பாரிஸின் பேர் லஷேஸில் அயர்லாந்து எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் கல்லறையில் ஜேக்கப் எப்ஸ்டீன் செதுக்கிய இறக்கை உருவம் 1914 முதல் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது. அது தேவாலயத் தூதர் அல்ல. அசீரிய இறக்கைக் காளைகளின் சாயலில் பெருங்கல்லிலிருந்து நீண்டு பறக்கிறது. அழவும் இல்லை, அறிவிக்கவும் இல்லை. பார்வையாளர்கள் உதட்டுச் சாயத்தோடு முத்தமிட்டு, அந்தக் கொழுப்பு கல்லில் ஊறி, அதை அகற்றக் கழுவிக் கழுவியே கல் தேய்ந்ததால், 2011 இல் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். நம்பிக்கை இல்லாதவருக்கு இறக்கை பொருந்துமா என்பதைவிட, அவர் உயிரோடிருந்தால் அதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பதே பயன் தரும்.

தூதர் சிலை என்றாலே அமைதிதானே? அது யாரையாவது புண்படுத்தக்கூடுமா?

புண்படுத்தும். 1857 ஜூலையில், சிப்பாய்க் கிளர்ச்சியின்போது, கான்பூரின் பீபிகர் என்ற வீட்டில் ஏறத்தாழ இருநூறு ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டு, உடல்கள் ஒரு கிணற்றில் போடப்பட்டன. அதற்குப் பழிவாங்க ஆங்கிலேயப் படை நிகழ்த்திய கொலைகளும் கொடியவை. பின்னர் அந்தக் கிணற்றின் மேல், கார்லோ மரோசெட்டி செதுக்கிய பளிங்குத் தூதரை நிறுத்தினார்கள்; மார்பின் குறுக்கே கை கட்டி, இரு குருத்தோலைகள் ஏந்தி, தலை தாழ்த்தி நிற்கும் உருவம். சுற்றிலும் கோதிக் பாணிக் கல் தடுப்பு. ஆங்கிலேயர் ஆட்சியில் அந்தத் தோட்டத்துக்குள் இந்தியர்கள் தம் விருப்பப்படி நுழைய முடியவில்லை.

சிலையை மட்டும் பார்த்தால் அதில் பகை எதுவும் இல்லை. குருத்தோலையின் பொருளை முன்பே பார்த்தோம். இருந்தும் யாருக்காக அழலாம், யார் உள்ளே வந்து அழலாம் என்பதை அந்த வேலி தீர்மானித்தது. விடுதலைக்குப் பிறகு தூதரும் தடுப்பும் நகரின் நினைவுத் தேவாலயமான ஆல் சோல்ஸ் ஆலய வளாகத்துக்கு மாற்றப்பட்டன. பழைய இடம் இன்று நானா ராவ் பூங்கா. கொல்லப்பட்ட குழந்தைகளுக்கு அழ ஒரு சிலை இருந்ததில் தவறில்லை என்றும், வேலிக்கு வெளியே தூக்கிலிடப்பட்டவர்களுக்கு எதுவும் இல்லாமற்போனதே தவறு என்றும் நான் கருதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குப் புதிதாகச் சிலை வைக்க நினைக்கிறோம். எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் கல்லறைத் தோட்டத்தின் விதிகளைக் கேளுங்கள்; பல இடங்களில் உயரத்துக்கு வரம்பு உண்டு, சில இடங்களில் முழு உருவச் சிலைக்கே அனுமதியில்லை. சிலை அனுமதிக்கப்பட்டால், இறக்கை உடலோடு ஒட்டி மடிந்திருக்கும் வடிவமே நீடிக்கும். விரித்த இறக்கையும் நீட்டிய விரலும் விரைவில் உடையும். உயிரோடிருக்கும் சிற்பி ஒருவரின் வடிவத்தைப் படியெடுப்பதானால் அவருடைய இசைவு வேண்டும். ஸ்டோரி, மொந்தேவெர்தே போன்றவர்களின் வடிவங்களுக்கு அந்தத் தடை இல்லை.

வடிவத்தைப் பொறுத்தவரை, விற்பனைப் படப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், அந்தத் தூதர் அங்கே என்ன செய்ய வேண்டும் என்று குடும்பத்தில் பேசி முடிவுசெய்யுங்கள்: அழவா, காக்கவா, அறிவிக்கவா, வெறுமனே உடனிருக்கவா. ஒருமுறை ஒரு தாய் எக்காளமும் வேண்டாம், அழுகையும் வேண்டாம், மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றார். கல் தச்சர் அப்படியே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த ஒரு சிறு உருவத்தைச் செய்துகொடுத்தார். இறக்கைகள் முதுகோடு மடிந்திருக்கின்றன. அருகில் இன்னொருவர் உட்காரும் அளவுக்குப் பீடத்தில் இடம் விடப்பட்டிருக்கிறது. அந்தத் தாய் வரும்போது அங்கேதான் உட்காருகிறார்.